மண்கரைக்கு உள்ளே ஒரு மாட்டுப் பண்ணை

1830களிலும் 1840களிலும் ராணுவ அளவையாளர்கள் அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் வரைந்து வைத்தார்கள். அந்தப் பழைய வரைபடங்களை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். எந்த ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டங்கள் தென்படும். சாலை வளைந்து போகும், வேலி கோணலாகப் போகும், ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடும். இந்த வட்டங்கள் மட்டும் யாரோ கவராயத்தால் போட்டதைப் போல இருக்கும். பல வட்டங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஃபோர்ட்' என்று எழுதியிருக்கும்.

ஆங்கிலத்தில் இவற்றை ரிங்ஃபோர்ட் என்கிறார்கள். நாம் வளையக்கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணால் ஆனது ராத், கல்லால் அடுக்கியது காஷல், உள்ளே இருக்கும் முற்றம் லிஸ். ராத்மைன்ஸ், ராத்ஃபார்னம், லிஸ்மோர், லிஸ்டோவல் என்று வரைபடத்தில் ஏராளமான ஊர்கள் இவற்றின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன. இதுவரை அடையாளம் கண்டவை ஏறக்குறைய 45,000. தீவின் பரப்போடு வகுத்துப் பார்த்தால், சராசரியாக இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. பெரும்பாலானவை கி.பி. 600க்கும் 900க்கும் இடையே கட்டப்பட்டு, மக்கள் குடியிருந்தவை. ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் 'டேனியர் கோட்டை' என்று சொல்வதுண்டு. டேனியர் என்று அவர்கள் சொல்லும் வைக்கிங்குகளுக்கும் இவற்றைக் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. கட்டியவர்கள் அந்த மண்ணிலேயே மாடு வளர்த்த விவசாயிகள்.

வேலை நிமித்தம் அயர்லாந்தின் தெற்கே கார்க் பக்கம் வந்து குடியேறிய பிறகுதான் இவை எனக்குப் பழக்கமாயின. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. தனியார் நிலம். பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவேன். "போங்க, ஆனால் மாடு நிற்குது, கேட்டைச் சாத்திடுங்க" என்பார். அவ்வளவுதான் அனுமதி. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளியில் மரங்கள் வட்டமாகக் கூடி நிற்பது மட்டும் தெரியும். கிட்டப் போனால்தான் மண்ணின் அமைப்பு புரியும். முதலில் தரை மெல்ல இறங்கும். அதுதான் அகழி. இப்போது பாதிக்கு மேல் தூர்ந்து, அடியில் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் பிளாக்பெர்ரி முள்ளும் மண்டிக் கிடக்கிறது. அகழி என்றதும் நம் மனசில் வரும் தண்ணீரும் முதலையும் இங்கே கிடையாது. பெரும்பாலும் வறண்ட பள்ளம்தான். அதைத் தாண்டியதும் மண்கரை. கரையின் மேல் ஹாதார்ன் முள்மரங்கள். கிழக்குப் பக்கம் கரையில் ஓர் இடைவெளி. அதற்கு நேரே அகழியைத் தோண்டாமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் வாசல். பல வளையக்கோட்டைகளில் வாசல் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்துத்தான் இருக்கும். இங்கே காற்றும் மழையும் மேற்கிலிருந்து அடிக்கும் வேகத்தை ஒரு குளிர்காலம் அனுபவித்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

கட்டும் முறை எளிமையானது. வட்டம் போட்டு, அதன் ஓரமாகப் பள்ளம் வெட்டி, எடுத்த மண்ணை உள்பக்கமாகவே கொட்டுவது. ஒரு கூடை மண் எடுத்தால் பள்ளமும் ஆழமாகும், கரையும் உயரும். ஆக, வெளியே நிற்பவனுக்கு அந்தத் தடை இரண்டு மடங்காகத் தெரியும். உள்விட்டம் 30 மீட்டர், அகழி மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 300 கன மீட்டர் மண் வருகிறது. கையில் இருந்ததோ நுனியில் மட்டும் இரும்பு பூட்டிய மர மண்வெட்டி. ஒருவர் நாளைக்கு இரண்டு கன மீட்டர் வெட்டிக் கொட்டினால் 150 ஆள் வேலை. பத்துப் பேர் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தால் சமாளிக்கக்கூடிய வேலைதான். 45,000 எப்படி வந்தது என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இது பாதுகாப்புக்குப் போதுமா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்குள் நெடுங்காலமாக இருக்கிறது. படை வந்தால் ஒற்றைக் கரை தாங்காது. கரைக்குப் பின்னால் நின்று சண்டை போட ஒரு வீட்டில் எத்தனை ஆண்கள் இருந்திருப்பார்கள்? ஆனால் அந்தக் காலத்து அயர்லாந்தில் விவசாயி பயந்தது முற்றுகைக்கு இல்லை. மாடு பிடிக்க வருபவர்களுக்குத்தான் பயந்தான். செல்வம் என்றால் பசு. அபராதம், பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம், ஒருவனுடைய மானத்தின் விலை எல்லாவற்றையும் கறவைப் பசுவை வைத்தே கணக்கிட்டார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்த ராஜா முதல் வேலையாக அண்டை நாட்டில் புகுந்து மாடு ஓட்டி வர வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. மாடு ஓட்ட வருபவனுக்கு அவசரம். விடிவதற்குள் எல்லை தாண்டியாக வேண்டும். அவனைக் கொஞ்ச நேரம் தாமதிக்க வைத்தால் போதும். கரையின் மேல் ஒரு மரவேலி, வேலி உச்சியில் செருகிய முள்கிளைகள், ஒரே ஒரு வாசல், வாசலில் குரைக்க ஒரு நாய். அதற்குள் பக்கத்துக் கோட்டைக்காரன் எழுந்துவிடுவான். பல வளையக்கோட்டைகளில் ஏறி நின்றால் இன்னொன்று கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதையும் யோசித்திருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஓநாய்களும் இருந்தன. அயர்லாந்தின் கடைசி ஓநாய் கொல்லப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

சரி, தாமதிக்க வைக்க ஒரு கரை போதும் என்றால், சிலர் ஏன் இரண்டு, மூன்று என்று போட்டார்கள்? ஐந்தில் நான்கு கோட்டைகளுக்கு ஒரு கரைதான். மீதியில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு. மூன்று கரை மிக அரிது. உள்ளே போனால் முற்றத்தின் அளவு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வெளியேதான் கரைகள் கூடுகின்றன.

இதற்கு விடை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு சட்ட நூலில் இருக்கிறது. க்ரீ கவ்லாக் என்று பெயர். சமூகத்தில் யார் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்னென்ன இருக்க வேண்டும் என்று அளந்து சொல்லும் நூல். ஓகரே என்ற சிறு விவசாயிக்கு ஏழு பசு, 19 அடி வீடு. போரே என்ற வசதியான விவசாயிக்குப் பன்னிரண்டு பசு, 27 அடி வீடு, மாவரைக்கும் ஆலையில் ஒரு பங்கு. ராஜாவின் கோட்டைக்கு எல்லாப் பக்கமும் 140 அடி அளவு சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்று சொல்கிறது அந்த நூல்: கீழ்ப்பட்டவர்கள் எழுப்பிய கரை சுற்றிலும் இருந்தால்தான் அவன் ராஜா.

இதன் பின்னணி இப்படி. பிரபு தன்னிடம் இருக்கும் மாடுகளைச் சிறு விவசாயியிடம் கொடுப்பான். விவசாயி அதற்கு ஈடாக வருஷா வருஷம் வெண்ணெய், மால்ட் என்ற முளைகட்டிய தானியம், இறைச்சி கொடுப்பான். அறுவடைக்கு ஆள் வருவான். பிரபுவின் கோட்டைக்கு மண் வெட்டவும் வருவான். ஆக, இரண்டாவது கரையும் மூன்றாவது கரையும் எதிரியை நிறுத்துவதைவிட, தெருவில் போகிறவனிடம் ஒரு சேதி சொல்வதற்காக: எனக்காக மண் சுமக்க இத்தனை பேர் இருக்கிறார்கள். என்னைத் தொட்டால் அவர்கள் வருவார்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. போலீஸும் சிறையும் இல்லாத ஒரு நாட்டில் ஒருவனைக் காப்பாற்றுவது அவனைச் சுற்றி இருக்கும் ஆட்கள்தான். அந்த ஆட்களைக் கண்ணால் பார்க்கும்படி மண்ணில் எழுதி வைத்தார்கள். மூன்று கரை பாதுகாப்பா, பகட்டா என்று ஆய்வாளர்கள் கேட்கும்போது, அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றும்.

சட்டமும் ஒரு வேலி போட்டது. ஒவ்வொரு சுதந்திர மனிதனின் வீட்டையும் சுற்றி அவன் மானத்துக்கு உட்பட்ட எல்லை ஒன்று உண்டு. போரேவுக்கு அது வீட்டு வாசலில் உட்கார்ந்து ஈட்டி எறிந்தால் விழும் தூரம். ராஜாவுக்கு அதைப்போல் பல மடங்கு. அதற்குள் அடைக்கலம் வந்தவனை யாராவது தொட்டால், வீட்டுக்காரனுக்கு அபராதம் கட்ட வேண்டும்.

மூன்று கரை கொண்ட கோட்டைக்கு நல்ல உதாரணம் கார்க் கவுண்டியிலேயே (கவுண்டி என்றால் மாவட்டம்) இருக்கிறது. பாண்டன் ஊருக்கு வடக்கே கேரன்ஸ் என்ற இடம். 1937இல் ஷான் ஓ ரிர்தான் அங்கே அகழாய்வு செய்தார். மொத்தக் குறுக்களவு நூறு மீட்டருக்கும் மேல். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் அது ஓகனாக்ட் ராய்லின் என்ற அரச வம்சத்தின் இருப்பிடம் என்று கருதுகிறார்கள். உள்ளே கிடைத்தவை எல்லாரையும் திகைக்க வைத்தன. வெண்கலம் உருக்கிய மூசைகளின் துண்டுகள் ஆயிரக்கணக்கில், எனாமல், பல வண்ணக் கண்ணாடிக் குச்சிகள், அப்புறம் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த மது அல்லது எண்ணெய் ஜாடிகளின் ஓடுகள். ரோமப் பேரரசு ஒருபோதும் ஆளாத ஒரு தீவில், புல்மேட்டின் நடுவில் இவை கிடைத்தன. கார்க் நகரின் காவல் புனிதரான ஃபின்பாரின் அப்பா, ராய்லின் கோட்டையில் அரசனுக்கு உலோக வேலை செய்த தலைமைக் கொல்லர் என்று புனிதரின் வரலாறு பேசும் பழைய நூல்கள் சொல்கின்றன. கதை உண்மையோ இல்லையோ, அந்தக் கோட்டையில் கொல்லர்கள் இருந்தார்கள் என்ற நினைவு மட்டும் பல நூறு வருஷம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

1940களில் மிடில்டனுக்குப் பக்கத்தில் கேரிடஃப் என்ற இன்னொரு வளையக்கோட்டையில் ஒரு தங்கப் பறவை கிடைத்தது. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத ரென் குருவி. உடலெங்கும் தங்கக் கம்பியால் இறகு வேலைப்பாடு. கார்க் போனால் ஃபிட்ஸ்ஜெரால்ட் பூங்கா அருங்காட்சியகத்தில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், தங்கத்தைவிட எனக்கு முக்கியம் ஆன்ட்ரிம் கவுண்டியில் கிளெனார்ம் பள்ளத்தாக்கில் இருக்கும் டீர் பார்க் ஃபார்ம்ஸ். கிறிஸ் லின் என்ற தொல்லியலாளர் 1984 முதல் 1987 வரை அங்கே தோண்டினார். வழக்கமாக ஒரு வளையக்கோட்டையைத் தோண்டினால் கம்பம் நட்ட குழிகளும் கரி படிந்த மண்ணும்தான் கிடைக்கும். வீடு எப்படி இருந்தது என்பதை ஊகிக்க வேண்டியதுதான். டீர் பார்க் ஃபார்ம்ஸில் மேலே மேலே மண் போட்டு உயர்த்திக்கொண்டே போனதால், அடியில் இருந்த பழைய குடியிருப்பு ஈரத்திலேயே மூழ்கிக் கிடந்தது. ஈரமும் காற்று புகாத மண்ணும் சேர்ந்தால் மரம் அழுகாது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வீடுகளின் சுவர்கள் பின்னலோடு அப்படியே வெளியே வந்தன.

வட்ட வீடுகள். ஹேசல் மரக் குச்சிகளை நட்டு, மெல்லிய குச்சிகளைக் குறுக்கே கூடை பின்னுவதுபோலப் பின்னிய சுவர். ஒன்றுக்கு இரண்டு சுவர், இடையில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் பாசி, வைக்கோல், பெரணி, ஹெதர் புதர் எல்லாம் திணித்திருந்தார்கள், குளிர் தாங்க. ஒரு பெரிய வட்டத்தின் முதுகோடு ஒரு சின்ன வட்டம் ஒட்டி, மேலிருந்து பார்த்தால் எட்டு என்ற எண் வடிவில் இருக்கும். நடுவில் கல் பதித்த அடுப்பு. சுவரோரம் பின்னலால் தடுத்து, சுள்ளிகளைப் பரப்பிய படுக்கை. கதவு நிலை ஓக் மரம். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரம் வெட்டப்பட்டது கி.பி. 648 என்று தெரிந்தது. அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. வீட்டு வாசலுக்கு மரம் வெட்டிய வருஷம் தெரியும்.

படுக்கையின் மக்கிய பொருட்களைச் சலித்தபோது மனிதப் பேனும் தெள்ளுப்பூச்சியும் வந்தன. தோல் செருப்புத் துண்டுகள், செருப்பு தைக்கும் மர அச்சு, நீலச் சாயம் எடுக்கும் வோட் செடி, தண்ணீர் ஆலையின் மரச் சக்கரத்து நடுப்பகுதி. கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் வரும் வாளும் கேடயமும் அதில் எங்கே? புகை சூழ்ந்த ஓர் அறையில் குளிருக்கு ஒடுங்கிப் படுத்த குழந்தைகளும், தலையில் பேன் பார்த்த அம்மாக்களும், விடிந்தால் பால் கறக்க எழ வேண்டியவர்களும்தான் இருக்கிறார்கள். அந்த மண்கரை காத்தது இவர்களைத்தான். நான் எந்த வளையக்கோட்டைக்குப் போனாலும் முற்றத்தின் நடுவே நின்று, எந்த இடத்தில் அடுப்பு இருந்திருக்கும் என்றுதான் பார்ப்பேன்.

பல கோட்டைகளுக்குள் நிலவறைகளும் உண்டு. பள்ளம் வெட்டி, பக்கவாட்டில் கல் அடுக்கி, மேலே பலகைக் கல் போட்டு மூடிய சுரங்கப் பாதை. நடுவில் வேண்டுமென்றே ஒரு குறுகலான இடம் வைப்பார்கள். அதில் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்துதான் போக முடியும். பால், வெண்ணெய் கெடாமல் வைக்கக் குளிர்ச்சியான இடம். ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளவும் அதே இடம். அடிமையாக்க ஆள் பிடிப்பது சர்வசாதாரணமாக நடந்த காலம் அது. புனித பாட்ரிக்கே பிரிட்டனிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைதான். தவழ்ந்து வருபவனின் தலைதான் முதலில் உள்ளே நீளும். உள்ளே இருக்கும் பெண் கையில் ஒரு கட்டை இருந்தாலும் போதும். மண்கரை தோற்றால் கடைசியாக இருந்த அரண் இந்தக் குறுகிய துளை. வாட்டர்ஃபோர்ட் கவுண்டியில் ட்ரம்லோஹன் நிலவறையைக் கட்டியவர்கள், ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து பொறித்த பழைய நினைவுக் கற்களையே சுவருக்கும் கூரைக்கும் வைத்துவிட்டார்கள். கல்வெட்டுப் பிரியர்களுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் மண்ணுக்குள் போனதால்தான் மழையில் தேயாமல் அந்த எழுத்துகள் தப்பின.

பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல மக்கள் இவற்றை விட்டு வெளியேறினார்கள். மேற்கே சில காஷல்களில் மட்டும் இன்னும் பல நூறு வருஷம் குடியிருந்தார்கள். மனிதர்கள் போன இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள் என்று ஊர் நம்பியது. ஈஸ் ஷீ என்று சொல்லப்படும், நிலத்துக்கு அடியில் வாழும் தேவதை மக்கள். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளைக் கொண்டு தாத்தா பாட்டிகளிடம் கதை கேட்டு நோட்டில் எழுத வைத்தார்கள். அந்தத் தொகுப்பு இப்போது இணையத்தில் இருக்கிறது. நான் ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறேன். கோட்டையில் இருந்த முள்மரத்தை வெட்டியவனுக்குக் கை விளங்காமல் போனது, கரையை உழுதவன் வீட்டில் மாடு செத்தது, ராத்திரியில் உள்ளே வெளிச்சம் தெரிந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது. ஊருக்கு ஊர் பெயர் மாறும், கதை மாறாது.

அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. 1999இல் கிளேர் கவுண்டியில் லட்டூன் என்ற இடத்தில் தேவதைகளுடையது என்று நம்பப்பட்ட ஒரு ஹாதார்ன் மரத்தைக் காப்பாற்ற ஊர்க்கதைசொல்லி ஒருவர் குரல் கொடுத்தார். நெடுஞ்சாலை வேலை அந்த மரத்தை விட்டு நகர்ந்தது. 2017இல் கெர்ரியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், தங்கள் பக்கத்து நெடுஞ்சாலை அடிக்கடி இறங்குவதற்குக் காரணம் அங்கே இருக்கும் தேவதைக் கோட்டைகள்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் பண்ணைக்காரரிடம் ஒருமுறை, நம்புகிறீர்களா என்று கேட்டேன். "நம்பறேனா இல்லையான்னு கேட்காதீங்க. என் அப்பா அதைத் தொடலை, நானும் தொட மாட்டேன்" என்றார். மண்கரையும் மரவேலியும் காத்தது சில தலைமுறைகளைத்தான். இந்த ஒரு வாக்கியம் அந்த மண்கரையையே ஆயிரம் வருஷம் காத்திருக்கிறது. தேவதைகள் இருக்கிறார்களா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எந்தத் தொல்லியல் சட்டமும் செய்யாத வேலையை அந்த நம்பிக்கை செய்திருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் தேவாலயக் கல்லறையில் புதைக்கச் சபை இடம் கொடுக்கவில்லை. அந்தக் குழந்தைகளைக் கொண்டுபோய்ப் புதைத்த இடங்களில் பல, கைவிடப்பட்ட வளையக்கோட்டைகள். கில்லீன் என்பார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகு, அப்பாவோ உறவினர் ஒருவரோ சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். பெயர் பொறித்த கல் கிடையாது. அடையாளத்துக்கு ஒரு சாதாரணக் கல், சில இடங்களில் வெள்ளைப் படிகக் கல். இது ஏதோ இடைக்காலத்துப் பழக்கம் இல்லை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது. யாரும் உழமாட்டார்கள், யாரும் தோண்டமாட்டார்கள் என்று அந்த அப்பாக்களுக்குத் தெரியும். சபை மறுத்த பாதுகாப்பை அந்தக் கரை கொடுத்தது. முற்றத்தில் புல்லுக்குள் சின்னச் சின்னக் கற்கள் வரிசையாகத் தெரிந்தால் நான் அதற்கு மேல் நடப்பதில்லை.

இயந்திரத்துக்குப் பயம் கிடையாது. 1973இல் அயர்லாந்து ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு விவசாயம் வேகமாக மாறியது. வயல்களை ஒன்றாக்கி, வேலிகளைப் பிடுங்கி, மேடு பள்ளங்களைச் சமன் செய்தார்கள். பத்துப் பேர் இரண்டு வாரம் சுமந்து எழுப்பிய கரையைப் புல்டோசர் ஒரு மதியத்தில் தள்ளிவிடும். 1930இலிருந்தே நினைவுச்சின்னங்களைக் காக்கச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2012இல் கெர்ரியில் வளையக்கோட்டையையும் அதன் நிலவறையையும் அழித்ததற்காக ஒரு நில உரிமையாளருக்கு 25,000 யூரோ அபராதம் விதித்தார்கள். அபராதம் கட்டிவிடலாம். டீர் பார்க் ஃபார்ம்ஸ்போல அடியில் ஒரு கதவு நிலை ஈரத்தில் காத்திருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதே சமயம், சிறு விவசாயியின் வயலில் முப்பது மீட்டர் நிலம் அடைபட்டுக் கிடப்பது அவருக்கு நஷ்டம்தான். அதைப் பாதுகாப்பதற்கு அவருக்கு ஒழுங்காகப் பணம் கொடுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

முழுசாகத் தள்ளிவிட்டாலும் அகழி போவதில்லை என்பது ஓர் ஆறுதல். தூர்த்த பள்ளத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். 2018 கோடையில் மழை பொய்த்து நாடே காய்ந்தபோது, சமன் செய்த வயல்களில் புல் மஞ்சளாகிவிட, பழைய அகழி இருந்த இடத்தில் மட்டும் பயிர் பச்சையாக நின்றது. மேலே டிரோன் பறக்கவிட்டவர்கள் அதுவரை பதிவேட்டில் இல்லாத வட்டங்களையெல்லாம் படம் எடுத்தார்கள்.

அயர்லாந்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய நினைவுச்சின்னத் துறையின் இணைய வரைபடத்தில் உங்கள் ஊரைத் தட்டினால், பக்கத்தில் இருக்கும் வளையக்கோட்டைகள் எல்லாம் சிவப்புப் புள்ளியாக வரும். குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் வெக்ஸ்ஃபோர்டில் ஃபெரிகாரிக் பாரம்பரியப் பூங்காவில் கரை, வேலி, வீட்டோடு ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அசல் ஒன்றைப் பார்க்கப் போனால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், மழை பெய்த மறுநாள் போவதாக இருந்தால் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உலோகம் தேடும் கருவியை எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் அதை இந்த இடங்களில் பயன்படுத்துவது குற்றம். காலையில் சீக்கிரமாகவோ மாலையிலோ போனால் சாய்ந்த வெயிலில் கரையின் நிழல் நீளமாக விழும். தேய்ந்துபோன இரண்டாவது கரைகூட அப்போதுதான் கண்ணில் படும்.